கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது?

கூடங்குளம் அணுமின் நிலையம் வந்திருக்க வேண்டுமா, கூடாதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். நான் 2012-இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தவன். அங்கே பெண்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை என்று நம்புகிறவன். ஆனால் உலை ஓடத் தொடங்கிவிட்டது. முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது உலை 2016 ஜூலையிலும் இயக்கத்துக்கு வந்தன. மூன்று முதல் ஆறு வரையான உலைகளின் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கிறது. நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தாலும், இதுவரை எரித்த எரிபொருள் அங்கேதான் இருக்கும். அதை எங்கே, எப்படி வைப்பது என்ற முடிவை உலைக்கு ஆதரவாக இருப்பவரும் எடுத்தாக வேண்டும், எதிர்ப்பவரும் எடுத்தாக வேண்டும்.

போன முறை இடிந்தகரைக்குப் போனபோது கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மேற்கே உலைகளின் இரண்டு கும்மட்டங்களும் தெளிவாகத் தெரிந்தன. கரண்டு, வேலை, பாதுகாப்பு வளையம் எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. "எரிச்சு முடிச்சத எடுத்துட்டுப் போவாங்களா தம்பி, இங்கேயேதான் வச்சிருப்பாங்களா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு படித்ததையும் யோசித்ததையும் வைத்து எழுதுவதுதான் இது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பிலான விவிஇஆர் என்ற அழுத்த நீர் உலைகள், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள் நிற்கும். ஒரு கட்டு அறுகோண வடிவில், ஏறத்தாழ நாலரை மீட்டர் உயரம் இருக்கும். அதற்குள் பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த, சிர்கோனியம் கலவையால் ஆன குழாய்கள் முன்னூற்றுச் சொச்சம். குழாய்க்குள் யுரேனிய ஆக்சைடு வில்லைகள். புதிதாக வந்த கட்டைக் கையுறை போட்டுத் தொடலாம், பெரிய ஆபத்து இல்லை. அதே கட்டு மூன்று நான்கு ஆண்டு உலைக்குள் இருந்துவிட்டு வெளியே வரும்போது, மறைப்பில்லாமல் அதன் பக்கத்தில் சில நிமிடங்கள் நின்றாலே உயிர் பிழைப்பது கடினம். எடையில் 95 சதவீதம் போல யுரேனியமாகவே மிஞ்சியிருக்கும். ஒரு சதவீத அளவுக்குப் புளூட்டோனியம் புதிதாகச் சேர்ந்திருக்கும். மீதி, அணு பிளந்ததில் வந்த துணுக்குகள். சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90 எல்லாம் அந்தத் துணுக்குகளில்தான் இருக்கின்றன. சீசியம் பாதியாகக் குறைய முப்பது ஆண்டு ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகளுக்கு மேல். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை மூவாயிரம் ஆண்டுப் பழசு என்று வியந்து பார்க்கிறோம். அதைப்போல எட்டு மடங்கு காலம் போனால்தான் இது பாதியாகும்.

இன்னொன்று, உலையை நிறுத்தினாலும் இந்தக் கட்டு சூடாகவே இருக்கும். உள்ளே உள்ள கதிரியக்கமே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் வெளியே எடுத்த கையோடு தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டு தண்ணீருக்குள் கிடந்து ஆறிய பிறகுதான் வேறு எதையும் யோசிக்க முடியும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஐந்து ஆண்டைத் தவிர்க்க முடியாது. நாம் பேச வேண்டியது ஆறாவது ஆண்டிலிருந்து.

குளத்திலேயே விட்டுவைப்பது

எதையும் முடிவுசெய்யாமல் இருந்தால் நடப்பது இதுதான். அதனால் இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். கூடங்குளத்தில் உலைக்கு அருகிலேயே, அதே காப்புக் கட்டடத்துக்குள் குளம் இருக்கிறது. அது ஒரு நல்ல விஷயம். அமெரிக்க வடிவமைப்பிலான பழைய புகுஷிமா உலைகளில் குளம் காப்புச் சுவருக்கு வெளியே, கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. ஆனால் கூடங்குளக் குளம் ஏழு ஆண்டு எரிபொருளுக்கானது என்றுதான் உச்ச நீதிமன்ற வழக்கில் சொல்லப்பட்டது. இடம் நிறைய நிறைய, கட்டுகளை நெருக்கி வைக்கத் தோன்றும். பல நாடுகளில் அப்படித்தான் நடந்தது.

நெருக்கிய குளம் ஏன் பயமுறுத்துகிறது என்பதை 2011 மார்ச்சில் ஜப்பான் பார்த்தது. புகுஷிமாவின் நான்காம் உலை அன்று ஓடவே இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தி, எரிபொருளை எல்லாம் குளத்துக்கு மாற்றியிருந்தார்கள். 1,535 கட்டுகள் அந்த ஒரே குளத்தில். சுனாமியில் மின்சாரம் போய், தண்ணீரைச் சுற்றவிடும் பம்புகள் நின்றன. மார்ச் 15 அன்று அந்தக் கட்டடத்தின் கூரை ஹைட்ரஜன் வெடிப்பில் பிய்ந்துபோனது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பல நாட்கள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வற்றினால் சிர்கோனியம் குழாய்கள் தீப்பிடிக்கும், சீசியம் புகையோடு கிளம்பும். ஜப்பான் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த ஷுன்சுகே கோண்டோ, மோசமான நிலை வந்தால் என்ன ஆகும் என்று பிரதமருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 250 கிலோமீட்டர் வரை மக்கள் வெளியேற நேரலாம் என்றது அந்தக் கணக்கு. டோக்கியோவும் அந்த வட்டத்துக்குள் வந்தது. அப்படி நடக்கவில்லை. பக்கத்துத் தொட்டியிலிருந்து தற்செயலாகக் கசிந்து வந்த தண்ணீர் குளத்தைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு வகித்தது என்பது பின்னால் தெரிந்தது.

இதை வைத்துக் கூடங்குளமும் நாளைக்கே அப்படி ஆகும் என்று பயமுறுத்தமாட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அது நடந்த உண்மை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் குளம் என்பது மின்சாரத்தையும் பம்பையும் ஆட்களையும் நம்பி இருக்கும் ஏற்பாடு. ஐந்து ஆண்டுக்கு நம்பலாம். ஐம்பது ஆண்டுக்கு நம்பச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

திருப்பி அனுப்புவது

நீண்ட நாள் எனக்குப் பிடித்த வழி இதுதான். கொடுத்தவனே எடுத்துக்கொள்ளட்டும். முதலில் அப்படித்தான் ஒப்பந்தமும் இருந்தது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தத்தில், எரிந்த எரிபொருள் சோவியத் யூனியனுக்கே திரும்பிப் போகும் என்று இருந்தது. சோவியத் யூனியன் உடைந்தது. 1998 ஜூனில் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் போட்டபோது அது மாறி, எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று ஆனது. மறுசுழற்சி செய்து புளூட்டோனியம் எடுக்கலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. பக்கத்து நாடான வங்கதேசம் ரூப்பூரில் ரஷ்ய உலை கட்டியபோது, எரிந்த எரிபொருளை ரஷ்யாவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஈரானின் புஷேர் உலைக்கும் அதே ஏற்பாடு. ஆக, நடக்கவே முடியாத கோரிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்திலும் முதல் கோரிக்கை இதுதான்: ரஷ்யாவுக்கே அனுப்புங்கள். முடியாவிட்டால், மக்கள் வாழாத, சூழல் கெடாத இடத்தில் ஆழ்நிலக் கிடங்கு அமைத்து அங்கே வையுங்கள்.

அப்புறம் ஏன் மனம் மாறினேன்? இரண்டு காரணம். முதலாவது, இதற்கு இரண்டு அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியா அந்த எரிபொருளைக் குப்பையாகப் பார்க்கவில்லை, சேமிப்பாகப் பார்க்கிறது. அந்தப் பார்வை மாறும்வரை ஒரு கட்டுகூட கப்பல் ஏறாது. அதுவரை அது குளத்தில் கிடக்கும். இரண்டாவது காரணம் எனக்குள் உறுத்துவது. ரஷ்யாவில் மாயக் என்ற அணு மறுசுழற்சி ஆலையின் கழிவைப் பல ஆண்டுகள் தேச்சா ஆற்றில் விட்டார்கள். அந்த ஆற்றங்கரைக் கிராமங்களின் கதையைப் படித்த பிறகு, நம் ஊர்க் குப்பையை இன்னொரு ஊருக்கு அனுப்பச் சொல்ல நா எழவில்லை. இடிந்தகரைக்காரர்களுக்கு இருக்கும் உரிமை, ரஷ்யா இவ்வகை எரிபொருளைச் சேர்த்து வைக்கும் யெனிசேய் ஆற்றங்கரைக்காரர்களுக்கும் உண்டு. ஆனாலும் கட்டப்படும் புதிய உலைகளுக்கு இந்த விதியைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வங்கதேசத்துக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்கத்தான் வேண்டும்.

மறுசுழற்சி

அணுசக்தித் துறையின் அதிகாரப்பூர்வ வழி இது. எரிந்த கட்டை வெட்டி, அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்து எடுப்பது. இந்தியாவுக்கு இதில் அனுபவம் இருக்கிறது. டிராம்பேயில் 1964-லேயே தொடங்கினார்கள், பிறகு தாராப்பூர், கல்பாக்கம். மிஞ்சும் கடுமையான கழிவைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்து, எஃகுக் கலன்களில் அடைத்து வைக்கிறார்கள். கழிவின் கன அளவு குறைகிறது என்பது உண்மை.

ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. இங்குள்ள ஆலைகள் இயற்கை யுரேனியத்தில் ஓடும் கனநீர் உலைகளின் எரிபொருளுக்காக வளர்ந்தவை. கூடங்குளத்து எரிபொருள் செறிவூட்டியது, அதிக நேரம் எரிந்தது, அதன் குணமே வேறு. அடுத்து, கட்டு திடப்பொருளாக இருக்கும்வரை அது ஓரிடத்தில் கிடக்கிறது. கரைத்துவிட்டால் அதே கதிரியக்கம் திரவமாக, தொட்டிகளில், குளிரூட்டலை நம்பி நிற்கிறது. 1957 செப்டம்பர் 29 அன்று மாயக்கில் அப்படி ஒரு கழிவுத் தொட்டியின் குளிரூட்டல் கெட்டு, தொட்டி வெடித்தது. உலை எதுவும் வெடிக்கவில்லை, கழிவுத் தொட்டி மட்டும்தான். செர்னோபிலுக்கு முன்னால் உலகம் கண்ட மிகப் பெரிய அணு விபத்து அது. மூன்றாவது, பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை எரிக்க, எரிக்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வேக ஈனுலைகள் வேண்டும். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-இல் கட்டுமானம் தொடங்கி, உலைக்கருவை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. இருபது ஆண்டு. எல்லாம் முடிந்த பிறகும் கண்ணாடிக் கழிவை எங்காவது புதைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆழத்தில் புதைப்பது

கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உலகில் இதை முதலில் முடிக்கப்போகிற இடமாகப் பின்லாந்தின் ஓன்கலோவைச் சொல்லலாம். யூராயோக்கி என்ற ஊராட்சிக்குள், ஓல்கிலூத்தோ தீவில், நானூறு மீட்டருக்கும் ஆழத்தில் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். பாறையின் வயது 190 கோடி ஆண்டு. எரிபொருளைச் செம்புக் கலனில் அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணைத் திணித்து, பாறைத் துளையில் இறக்குவது திட்டம். தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண் அது.

அந்தப் பாறையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பின்லாந்துச் சட்டப்படி உள்ளூர் மன்றம் வேண்டாம் என்று சொன்னால் அங்கே கிடங்கு இல்லை. மேல்முறையீடு கிடையாது. யூராயோக்கி மன்றம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புக்கொண்டது. காலக்கணக்கையும் பாருங்கள். 1983-இல் அரசு அட்டவணை போட்டது. 2000 வாக்கில் இடம் முடிவானது. 2004-இல் தோண்டத் தொடங்கினார்கள். சோதனை ஓட்டம் 2024-இல்தான் வந்தது.

இங்கே என்ன நடந்தது? 2013 மே 6 அன்று கூடங்குளம் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உலையை ஓட்ட அனுமதித்தது. அதோடு ஆழ்நிலக் கிடங்கு அமைக்கும் நடவடிக்கையை விரைவில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் பற்றி நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. செய்தி கசிந்த உடனே கோலாரில் கடையடைப்பு, ஆர்ப்பாட்டம். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு பின்வாங்கியது. தேனி பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் என்றார்கள். அணுக்கழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விஞ்ஞானிகள் எவ்வளவு சொல்லியும் மலையடிவாரத்து மக்கள் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஊரைக் கேட்காமல் இடம் தேடினால், எந்த ஊரும் எதையும் நம்பாது. மறுசுழற்சி செய்யப்போகிறோம், அதனால் ஆழ்நிலக் கிடங்குக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை என்பதே துறையின் நிலைப்பாடாகத் தொடர்கிறது.

ஆழத்தில் போட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967-க்கும் 1978-க்கும் இடையில் சுமார் 1,26,000 பீப்பாய்களைப் போட்டார்கள். அவை எரிபொருள்கூட இல்லை, குறைந்த, நடுத்தரக் கழிவுகள்தான். உப்பு என்றைக்கும் வறண்டே இருக்கும் என்று சொன்னார்கள். தண்ணீர் புகுந்தது. இப்போது அத்தனையையும் திரும்ப வெளியே எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அவசரமாகத் தேர்ந்த ஆழ்நிலம், நிலத்துக்கு மேல் இருப்பதைவிட மோசம். கண்ணில் படாது, கைக்கும் எட்டாது.

வளாகத்திலேயே ஒரு கிடங்கு: தண்ணீரிலா, உலர்வாகவா

இப்போது மேசையில் உண்மையாக இருக்கும் திட்டம் இது. ஏ.எஃப்.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறார்கள், உலைக்கு வெளியே தனிக் கிடங்கு. அதைக் கட்டி முடிக்க 2013 தீர்ப்பு ஐந்து ஆண்டு தந்தது. 2018 ஜூலையில் கெடுவை 2022 ஏப்ரல்வரை நீட்டினார்கள். கிடங்கு தயாராகாமலே அந்தக் கெடுவும் கடந்தது. இடையில் 2019 ஜூலை 10-க்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது இரண்டு. ஒன்று, தற்காலிகம் என்று கொண்டுவந்து நிரந்தரமாக்கிவிடுவார்கள். இரண்டு, மற்ற ஊர் உலைக் கழிவையும் இங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். இரண்டாவதை அரசு மறுத்திருக்கிறது, கூடங்குளத்து எரிபொருளுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறது. முதல் பயத்துக்கு ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் 1969-இல் ஓடத் தொடங்கியவை. அமெரிக்காவோடு இருந்த ஒப்பந்தச் சிக்கலால் அவற்றின் எரிபொருளை மறுசுழற்சியும் செய்யவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பல பத்தாண்டுகளாக அது அங்கேயே தேங்கிக் கிடந்தது. ஆக, அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் நாம் ஒரு விஷயத்தைத் தவறவிட்டுவிட்டோம். இத்தனை ஆண்டாகச் சண்டை முழுவதும் "இங்கே வேண்டும், இங்கே வேண்டாம்" என்பதிலேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்றபோதெல்லாம் எரிபொருள் எங்கேயும் போகவில்லை, உலைக்கு அருகே குளத்திலேயே இருந்தது. கிடங்கு கட்டுவதென்றால் அது இன்னொரு குளமா, உலர் கொள்கலன்களா என்பதைத்தான் நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உலர் கொள்கலன் என்பது எளிமையான பொருள். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆறிய கட்டுகளை எஃகுக் கலனில் வைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுத்து, ஹீலியம் வாயு நிரப்பி மூடுகிறார்கள். அந்தக் கலனைத் தடித்த கான்கிரீட் உறைக்குள் இறக்குகிறார்கள். அடியில் காற்று நுழையத் துளை, மேலே வெளியேறத் துளை. சூடான காற்று தானாக மேலே போகும், கீழிருந்து புதுக் காற்று வரும். நம் பழைய வீடுகளில் முற்றத்து வழியாகச் சூடு ஏறிப்போகும் அதே இயற்கைதான். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காற்றுத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடந்த சோதனைகள் இரண்டு. புகுஷிமாவிலேயே ஒன்பது உலர் கொள்கலன்கள் இருந்தன, 408 கட்டுகளோடு. அவை இருந்த கட்டடத்துக்குள்ளும் சுனாமி புகுந்தது. சேறும் குப்பையும் அடைத்தன. அதே வளாகத்தில் நான்காம் உலைக் குளத்தை நினைத்து ஒரு நாடே தூங்காமல் கிடந்தபோது, இந்த ஒன்பதையும் பற்றி யாரும் கவலைப்பட நேரவில்லை. பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே கட்டுகள் சேதமில்லாமல் இருந்தன.

இரண்டாவது, உக்ரைனின் சப்போரிஜியா. கூடங்குளத்தின் அதே விவிஇஆர்-1000 குடும்பத்து உலைகள் ஆறு அங்கே இருக்கின்றன. 2001 முதல் உலர் கிடங்கு வைத்திருக்கிறார்கள், திறந்தவெளியில், ஒரு கொள்கலனுக்கு 24 கட்டு. 2022-இல் போர் அந்த வளாகத்துக்குள்ளேயே வந்தது. ஆகஸ்டில் உலர் கிடங்குக்கு அருகே குண்டு விழுந்து, கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் சேதமடைந்தன. வெளி மின்சாரம் மொத்தமாகப் பலமுறை போனது. ஒவ்வொரு முறையும் டீசல் ஜெனரேட்டர் ஓடுமா, குளத்துத் தண்ணீர் சூடேறுமா என்று உலகம் பதறியது. 2023 ஜூனில் கஹோவ்கா அணை உடைந்து குளிர்விக்கும் நீருக்கும் ஆபத்து வந்தது. இந்த எதனாலும் உலர் கொள்கலன்களின் குளிர்ச்சிக்குப் பங்கம் வரவில்லை. நேரடியாக ஏவுகணை விழுந்தால் தாங்குமா என்பது வேறு கேள்வி, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மின்சாரம் போவதும் தண்ணீர் போவதும்தான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. அந்த இரண்டிலும் உலர் முறை தப்பித்துக்கொள்கிறது.

கணக்கும் கைக்குள் அடங்குகிறது. ஓர் உலையிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது கட்டு போல வரும் என்று வைத்தால், இரண்டு உலைக்கும் சேர்த்து ஆண்டுக்கு நான்கைந்து கொள்கலன். நாற்பது ஆண்டு ஓடினாலும் இருநூறைச் சுற்றித்தான். ஒரு கால்பந்து மைதான அளவு இடம் போதும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் கூடங்குளத்துக்கென்றே இருக்கும் குறை. கடல் காற்று. இடிந்தகரையில் வீட்டுக் கம்பியும் சைக்கிளும் எப்படித் துருப்பிடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படுவதும் உப்புக் காற்றில், வெப்பத்தோடு, பற்றவைத்த இடங்களில் மெல்லிய விரிசல் விடக்கூடும். கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரேயில் மூடப்பட்ட நிலையத்தின் எரிபொருளை அலை அடிக்கும் தூரத்தில் உலர்கலன்களில் வைத்திருக்கிறார்கள். அங்கே கலனின் எஃகுச் சுவர் ஒன்றரை சென்டிமீட்டரைச் சுற்றித்தான். உப்புக் காற்றை அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் ஒரு கலனை இறக்கும்போது அது விளிம்பில் சிக்கி, பதினெட்டு அடி உயரத்திலிருந்து விழ இருந்த சம்பவமும் நடந்தது. ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே வார்ப்பிரும்பில் ஒரு அடிக்கு மேல் தடித்த சுவரோடு கலன் செய்கிறார்கள். மூடியைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு மூடிகளுக்கும் நடுவே அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். கசிந்தால் உடனே தெரியும். கலன்களைக் கூரையுள்ள கட்டடத்துக்குள் வைக்கிறார்கள். விலை கூடுதல். நம் கடற்கரைக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும் என்பது என் முடிவு. உலர் முறை நமக்கு முழுக்கப் புதிதும் அல்ல. ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் கனநீர் உலைக் கட்டுகளைக் கான்கிரீட் கொள்கலன்களில் வைத்த பழக்கம் இருக்கிறது.

ஆக, இருக்கும் எரிபொருளுக்கு நான் கேட்பது இது. ஐந்து ஆண்டு ஆறிய எந்தக் கட்டும் குளத்தில் இருக்கக் கூடாது. தடித்த சுவருள்ள உலர் கொள்கலனுக்கு மாற்றி, சுனாமி மட்டத்துக்கு மேல் உயர்த்திய தளத்தில், கூரைக்கடியில் வைக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்வதால் உலையை ஒப்புக்கொண்டதாக ஆகாது. போராட்டத்தில் என்னோடு இருந்த சிலர் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள் என்று தெரியும். கிடங்குக்குச் சம்மதித்தால் அடுத்த நாலு உலைக்கும் கதவைத் திறந்துவிட்டதாகும் என்பார்கள். அந்த வாதத்தின் எடை எனக்குப் புரிகிறது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஓடிய பெண்களையும், அதே நாளில் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மீனவரையும் மறந்துவிட்டு நான் பேசவில்லை. ஆனால் உலைக்கு எதிரான பிடியாகக் குளத்தை நிரம்பவிடுவது இடிந்தகரை சுனாமி காலனியில் தூங்கும் பிள்ளைகளை வைத்து ஆடும் ஆட்டமாகிவிடும். அதை என்னால் செய்ய முடியாது.

பதிலுக்கு அரசிடம் வாங்க வேண்டியவையும் உண்டு. நம்பிக்கை என்ற சொல் இங்கே செல்லாது, எழுத்து வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது முதல், தான் கண்காணிக்க வேண்டிய துறைக்குள்ளேயே கட்டுப்பட்டு இருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2012 அறிக்கையே சுட்டிக்காட்டியது. அப்படிப்பட்ட ஏற்பாட்டில் அதிகாரி வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை ஊர் எப்படி ஏற்கும்?

அதனால் அடுத்த கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும்போது, பேருந்து பிடித்துப் போகிறவர்கள் கையில் சில கேள்விகளை எழுதி எடுத்துப் போகட்டும். கிடங்கு தண்ணீரா, உலர்வா? கலன் சுவர் எத்தனை சென்டிமீட்டர்? உப்புக் காற்றில் விரிசல் விழுந்ததா என்று யார், எத்தனை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பார்கள், அந்த அறிக்கை ஊராட்சிக்குத் தமிழில் வருமா? வெளியூர் எரிபொருள் ஒரு கட்டுகூட வராது என்பது அனுமதி ஆணையிலேயே இருக்குமா? கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்றாவது ஊர்க்காரர்கள் கையில், அவர்களே படித்துக்கொள்ளும்படி இருக்குமா? இந்தக் கலன்கள் எந்த ஆண்டு இங்கிருந்து கிளம்பும், எந்த ஊர் தன் மன்றத்தில் கை தூக்கி ஒப்புக்கொண்ட பாறைக்கு?

கடைசிக் கேள்விக்கு இன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. பின்லாந்துக்கே நாற்பது ஆண்டு பிடித்தது. நாம் இந்த ஆண்டே அட்டவணை போட்டாலும், இன்று இடிந்தகரைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஐம்பது வயதைத் தொடும்போதுதான் முதல் கலன் கிளம்பும். வலை தைத்த பெரியவருக்கு அடுத்த முறை அதைத்தான் சொல்லப்போகிறேன்: நீங்கள் இருக்கும்போது போகாது ஐயா. உங்கள் பேரப்பிள்ளை காலத்திலாவது போக வேண்டுமென்றால், போகும் தேதியை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.